சக்கரத்தைத் துடைத்தால் தூசி தீருமா?



திருவள்ளூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, அதைச் சிறிய வீடாகவே மாற்றிவிட்டார். உள்ளே இரண்டு படுக்கைகள், ஓர் அடுப்பு, தலைக்கு மேல் மின்விசிறி, பின்புறம் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. சினிமாப் படப்பிடிப்புகளுக்கு வருகிறதே கேரவன், அதன் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்கப் பழவேற்காட்டுக்குக் குடும்பத்தோடு அதில்தான் போவார்.

அந்த வேனுக்கு அவர் ஆசையோடு அலுமினிய அலாய் சக்கரங்களை மாட்டினார். வெள்ளித் தட்டுகளைப் போல அவை பளபளத்தன. ஆனால், ஒரே வாரத்தில் முன் சக்கரங்கள் இரண்டிலும் கரியைப் பூசியது போல் கறுப்புத் தூசி படிந்துவிட்டது. பின் சக்கரங்களோ ஏறத்தாழ சுத்தமாகவே இருந்தன. துடைத்தார், மறுவாரம் மீண்டும் வந்தது. "என்ன மருந்து போட்டுக் கழுவினால் இந்தக் கறுப்பு வராமல் இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

கழுவுவதற்கு மருந்து உண்டு. வராமல் இருப்பதற்கு மருந்து பாட்டிலில் இல்லை, ஓட்டுநரின் காலில் இருக்கிறது என்று சொன்னேன். அவர் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம். ஆனால், அந்தப் பதிலை நான் விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. சக்கரத்திலிருந்து துடைத்த தூசி உலகத்தைவிட்டுப் போய்விடுவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே தூசியைத் துடைப்பதைவிட, அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் அறிவுடைமை என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பார்ப்போம்.

வேகம் எங்கே போயிற்று?

ஓடுகின்ற வண்டிக்கு இயக்க ஆற்றல் உண்டு என்பதை வகுப்பில் படித்திருப்பீர்கள். நிறையில் பாதியை எடுத்து, அதைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்கினால் அந்த ஆற்றல் கிடைக்கும். என் நண்பருடைய வேன், சாமான்கள் எல்லாம் ஏற்றிய பிறகு, 3,500 கிலோகிராம் இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அது போகிறது. கணக்குப் போடுங்கள். 7,00,000 ஜூல் வருகிறதல்லவா?

இப்போது நல்லூர் சுங்கச்சாவடி வருகிறது. பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துகிறார். அந்த 7 லட்சம் ஜூல் எங்கே போயிற்று? ஆற்றலை அழிக்க முடியாது என்பது நீங்கள் அறிந்த விதி. அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறிவிட்டது. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2,93,000 ஜூல் வேண்டும். ஆக, ஒருமுறை வண்டியை நிறுத்தும்போது கிடைக்கும் வெப்பத்தைச் சிறிதும் வீணாக்காமல் பிடிக்க முடிந்தால், இரண்டு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். குடும்பம் முழுவதற்கும் தேநீர் போட அது போதும்!

இவ்வளவு வெப்பத்தையும் உண்டாக்குவது உராய்வு. டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு வார்ப்பிரும்புத் தட்டை இரண்டு பக்கங்களிலிருந்தும் பிரேக் பேடுகள் இறுகப் பிடிக்கின்றன. சுழலும் கல் ஒன்றை இரு உள்ளங்கைகளால் அழுத்தி நிறுத்துவதாக நினைத்துப் பாருங்கள். கை சுடும், தோலும் தேயும். பிரேக்கிலும் அதுவே நடக்கிறது. பேடும் தேய்கிறது, தட்டும் தேய்கிறது. தேய்ந்தவை தூளாகின்றன. அந்தத் தூள்தான் நண்பரின் சக்கரத்தில் படிந்த கறுப்பு.

தூசியின் பிறப்பு

பிரேக் பேடு ஒரே பொருளால் ஆனதன்று. பல பொருள்களைக் கலந்து, பிசினால் பிணைத்து, அச்சில் இட்டு, அழுத்தியும் சூடாக்கியும் செய்யப்படுகிறது. உலோகத் தூள், இழைகள், கிராபைட், கனிமப் பொடிகள் ஆகியவை அதில் இருக்கும். உங்களுக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தி சொல்லட்டுமா? முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பதப்படுத்திக் கெட்டியாக்கிய பொடியும் பிரேக் பேடுகளில் சேர்க்கப்படுகிறது. உராய்வு சீராக இருக்க அது உதவுகிறது. பண்ருட்டி முந்திரிப் பருப்பை நாம் தின்கிறோம். முந்திரியின் ஓட்டு எண்ணெயோ வண்டிகளை நிறுத்த உதவுகிறது!

இந்தத் தொழிலுக்கு நம் பகுதி புதியதன்று. பாடியில் 1962-ஆம் ஆண்டில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. 1964-இல் அம்பத்தூரில் ராணே பிரேக் லைனிங்கும், 1974-இல் பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் தோன்றின. பாடியும் அம்பத்தூரும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து, 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தவை. இந்தியச் சாலைகளில் ஓடும் எத்தனையோ வண்டிகளை நிறுத்தும் பொருள் இந்த வட்டாரத்தில் செய்யப்பட்டது. அந்தப் பொருள் தேய்ந்து எங்கே போகிறது என்று கேட்கும் கடமையும் இந்த வட்டாரத்தாருக்கு உண்டல்லவா?

சரி, முன் சக்கரத்தில் மட்டும் ஏன் அவ்வளவு கறுப்பு? பேருந்து திடீரென்று நிற்கும்போது நீங்கள் முன்னே சாய்கிறீர்கள். அதேபோல் வண்டியின் பாரமும் முன் சக்கரங்களின் மேல் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்குகளே செய்யும்படி வண்டிகளை அமைக்கிறார்கள். மேலும், நண்பருடைய வேனில் முன்னால் இருப்பது திறந்த டிஸ்க் பிரேக். பின்னால் இருப்பது மூடிய டிரம் பிரேக். டிரம்மில் பிறக்கும் தூசியில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. பின் சக்கரம் சுத்தமாக இருந்தது தூசி இல்லாததால் அன்று, தூசி ஒளிந்திருந்ததால்! இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவோம்.

அந்தத் தூசி ஏன் துடைத்தால் எளிதில் போவதில்லை? பிரேக்கிலிருந்து வெளிவரும்போது துகள்கள் சூடாக இருக்கின்றன. அவற்றில் இரும்பு மிகுதி. சக்கரத்தின் மேல் பூசிய மெல்லிய காப்புப் பூச்சில் அவை ஒட்டிக்கொள்கின்றன. பனியோ மழையோ பட்டால் துருப்பிடித்து இன்னும் இறுகப் பற்றுகின்றன. பழவேற்காட்டின் உப்புக்காற்று இதற்குத் துணை செய்கிறது. நாளடைவில் கறுப்பு நிறம் பழுப்பாக மாறுவது இதனால்தான்.

பளபளப்புக்குக் குறுக்கு வழிகள்

கறுப்பை விரைவில் போக்கச் சிலர் அமிலம் கலந்த திரவங்களைப் பயன்படுத்துகிறார்கள். இது சரியன்று. அலாய் சக்கரம் என்பது பெரும்பாலும் அலுமினியம். அதோடு ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கானும் சிறிதளவு மக்னீசியமும் கலந்திருக்கும். கடுமையான அமிலம் காப்புப் பூச்சைத் தின்று, அதன்பின் உலோகத்தையும் அரிக்கும். சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருப்பதுண்டு. அது தோலில் பட்டாலே ஆழமாகப் புண்ணாக்கும் கொடிய பொருள். சக்கரம் அழகாக இருப்பதற்காகக் கையைப் பணயம் வைக்கலாமா?

வேறு சிலர் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவில் ஒரு தகட்டை மாட்டித் தூசியை மறைத்துவிடலாம் என்கிறார்கள். வெளிநாடுகளில் இத்தகைய தகடுகள் விற்பனைக்கு வந்ததுண்டு. ஆனால், நாம் போட்ட கணக்கை எண்ணிப் பாருங்கள். 7 லட்சம் ஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். காற்று உள்ளே போகும் வழியை அடைத்தால் பிரேக் ஆற முடியாது. அளவுக்கு மீறிச் சூடேறிய பேடில் உராய்வு குறைந்துவிடும். மிதித்தாலும் வண்டி நிற்காது. அழகுக்காக உயிரைப் பணயம் வைப்பது அது.

மெழுகு பூசலாம், தவறில்லை. தூசி ஒட்டாமல் எளிதில் கழுவ முடியும். சக்கரம் ஆறிய பிறகு, சோப்பு நீரும் மென்மையான துணியும் கொண்டு வாரம் ஒருமுறை கழுவினால் போதும். ஆனால் மெழுகு பூசியதால் ஒரு கிராம் தூசிகூடக் குறையவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஒட்டாத தூசி சாலைக்குப் போயிற்று, அவ்வளவே.

பிறக்கும் இடத்தில் குறைப்போம்

அப்படியானால் தூசியைக் குறைப்பது எப்படி? மீண்டும் கணக்குக்கே வருவோம். வேகத்தை மணிக்கு 72 கிலோமீட்டரிலிருந்து 36 ஆகக் குறைத்தால் இயக்க ஆற்றல் எவ்வளவு? பாதி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். வேகத்தின் இருமடி அல்லவா? கால் பங்குதான், 1,75,000 ஜூல். இதிலிருந்து ஓர் அருமையான பாடம் கிடைக்கிறது. சுங்கச்சாவடி தொலைவில் தெரியும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை 36 கிலோமீட்டர் வேகத்துக்கு வரவிட்டால், ஆற்றலில் முக்கால் பங்கைக் காற்றும் டயரும் எஞ்சினும் செலவழித்துவிடும். பிரேக்குக்கு மிஞ்சுவது கால் பங்கு மட்டுமே. தூசியும் குறையும், பேடு நெடுநாள் உழைக்கும், டீசலும் மிச்சம். இதற்கு ஒரு காசு செலவில்லை!

மலைப்பாதையில் லாரி ஓட்டும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அவர்களுடைய பாடம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அறிவார்கள். உயிருக்காகக் கற்ற அந்தப் பாடம் சமவெளியில் தூசிக்கும் பொருந்தும்.

இரண்டாவது வழி, பாரத்தைக் குறைப்பது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோகிராம். 72 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அது பிரேக்கின் மேல் 20,000 ஜூல் சுமையைக் கூட்டுகிறது. பழவேற்காட்டுக்குப் போய்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாமே! திருவள்ளூரிலிருந்து தண்ணீரைச் சுமந்துகொண்டு போவானேன்?

மூன்றாவது, பிரேக்கைச் சரியாகப் பராமரிப்பது. சில வண்டிகளில் காலை எடுத்த பிறகும் பேடு தட்டை விட்டு முழுவதும் விலகுவதில்லை. ஓடும்போதெல்லாம் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கறுத்தால், அல்லது சுட்டால், அது நோயின் அறிகுறி. உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். நான்காவது, பேடைத் தேர்ந்தெடுப்பது. உலோகம் குறைந்த, கல்நார் இல்லாத பேடுகள் பொதுவாகக் குறைந்த தூசியையே தருகின்றன. ஆனால் வண்டியின் எடைக்கு ஏற்றது எது என்பதை வண்டியைத் தயாரித்தவர் சொன்னபடியே முடிவு செய்ய வேண்டும். தூசிக்குப் பயந்து, நிற்காத பேடை வாங்கக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், தூசியை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. முழு பலத்தோடு மிதிக்கத்தான் வேண்டும். பிரேக் அதற்காகவே இருக்கிறது. தேவையில்லாத மிதிப்பைத்தான் குறைக்கச் சொல்கிறேன்.

துடைத்த தூசி எங்கே போகிறது?

பிரேக்கில் தேய்ந்த பொருளில் ஏறத்தாழ பாதி காற்றில் கலந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மீதி சாலையிலும் சக்கரத்திலும் வண்டியிலும் படிகிறது. காற்றில் கலப்பவற்றுள் பெரும்பாலானவை 10 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள். உங்கள் தலைமயிரின் குறுக்களவில் ஏழில் ஒரு பங்கு என்று சொல்லலாம். மூச்சோடு அவை உள்ளே போகும். நாம் சக்கரத்தில் காண்பது தூசியின் ஒரு பகுதியே. நாம் காணாத பகுதிதான் நம் நுரையீரலை நாடி வருகிறது.

சாலையில் படிந்தது மழையில் கரைந்தோடும். திருவள்ளூர் ஏரிகளின் மாவட்டம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும், சோழவரம், புழல் ஏரிகளும் சென்னைக்குக் குடிநீர் தருகின்றன. பெரியபாளையம், பொன்னேரி வழியாகச் செல்லும் ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியை அடைகிறது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. என் நண்பர் பூநாரைகளைப் பார்க்கப் போவது அங்கேதான்.

மழைநீரில் சேரும் பிரேக் தூசியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதே கேள்வி எழுந்தது. வெப்பத்தைக் கடத்துவதற்காகப் பிரேக் பேடுகளில் செம்பு சேர்ப்பது வழக்கமாக இருந்தது. மழைநீரோடு ஆறுகளுக்குச் சென்ற செம்பு, மிகச் சிறிய அளவிலேயே, சால்மன் மீன்களின் மோப்ப சக்தியை மழுங்கடிப்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். தான் பிறந்த ஓடையைத் தேடித் திரும்புவதற்கும் பகையிடமிருந்து தப்புவதற்கும் அந்த மீனுக்கு மோப்பம் வேண்டும். 2010-இல் வாஷிங்டன், கலிபோர்னியா ஆகிய இரு மாநிலங்களும் பேடுகளில் செம்பைக் குறைக்கச் சட்டம் இயற்றின. கலிபோர்னியச் சட்டத்தின்படி 2021-இல் 5 விழுக்காடும், 2025-இல் அரை விழுக்காடும் உச்ச வரம்பாயின. எங்கோ ஒருவர் மிதித்த பிரேக், எங்கோ ஒரு மீனுக்கு வழி தவறச் செய்கிறது! பழவேற்காட்டு மீனுக்கும் இறாலுக்கும் இப்படி ஏதேனும் நேர்கிறதா என்று ஆராய வேண்டியவர்கள் யார்? நாளை நீங்களாகவே இருக்கலாம்.

ஊதாதே, தம்பி!

டிரம்முக்குள் ஒளிந்திருக்கும் தூசியை மறக்க வேண்டாம் என்றேன் அல்லவா? கும்மிடிப்பூண்டிக்குப் போகும் நெடுஞ்சாலையோரம் ஒரு பட்டறையில் நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். ஒரு லாரியின் பின் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து வைத்திருந்தார்கள். உங்களைவிட மூன்று நான்கு வயதே மூத்த ஓர் இளைஞன், கம்பிரஸர் குழாயைப் பிடித்து, உள்ளே இருந்த தூசியைக் காற்றால் ஊதினான். சாம்பல் நிற மேகம் ஒன்று எழுந்து அவன் முகத்தை மூடியது. இருமினான், முன்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், மீண்டும் ஊதினான். பக்கத்தில் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நெடுங்காலம் உலகெங்கும் பிரேக் லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் சேர்க்கப்பட்டது. வெப்பத்தைத் தாங்கும் அந்த இழைகளைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் நோயும் புற்றுநோயும் வருகின்றன. அதுவும் 20, 30 ஆண்டுகள் கழித்து. இன்று பல நிறுவனங்கள் கல்நார் இல்லாத லைனிங்குகளையே செய்கின்றன. ஆயினும் இந்தியாவில் கல்நார்ப் பயன்பாடு முழுவதும் தடை செய்யப்படவில்லை. ஆகவே, கழற்றிய டிரம்முக்குள் இருப்பது எந்தத் தூசி என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. அந்த இளைஞனுக்கும் தெரியாது.

பரிகாரம் கடினமானதா? இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும்! தூசியை ஊதாமல், முதலில் நனைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைக் காயவிடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். மூக்குக்கு நல்ல கவசம் வேண்டும். அலாய் சக்கரத்தின் பளபளப்பைவிட அந்த இளைஞனின் நுரையீரல் பெரிது அல்லவா? உங்கள் அண்ணனோ மாமாவோ பட்டறையில் வேலை செய்தால், இன்று மாலையே இதைச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் கேட்க மாட்டார்கள், பலமுறை சொல்லுங்கள்.

புகைபோக்கி இருக்கச் சக்கரமா?

என் கட்டுரையைப் படிக்கும் கும்மிடிப்பூண்டி மாணவர் ஒருவர் கோபப்படலாம். "எங்கள் சிப்காட்டில் உருக்கு உலைகளும் இரும்பு உருட்டாலைகளும் இருக்கின்றன. மொட்டை மாடியில் துணி காயப் போட்டால் கரி படிகிறது. இதை விட்டுவிட்டுச் சக்கரத் தூசியைப் பேச வந்துவிட்டீர்களே!" என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி.

பிரேக் தூசிதான் அங்கே பெரிய கேடு என்று நான் சொல்லவில்லை. உலைப்புகைக்கு உரியவர்கள் அதற்கான வடிகட்டிகளைப் பொருத்தத்தான் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள 1982-இல் தொடங்கிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. ஆனால், ஒரு கேட்டைக் காட்டி மற்றொன்றை மன்னித்துவிட முடியாது. புகைபோக்கிக்கு ஒரு முகவரி உண்டு. பிரேக் தூசிக்கு முகவரியே இல்லை. ஆயிரம் வண்டிகளில் ஆயிரம் கால்கள் அதை உண்டாக்குகின்றன. புகைபோக்கி உயரத்தில் கக்குகிறது. சக்கரமோ உங்கள் முழங்கால் உயரத்தில், நீங்கள் பேருந்துக்காக நிற்கும் இடத்தில், பள்ளி வாசலின் வேகத்தடைக்கு முன்னால் தூவுகிறது. வண்டிகள் எங்கே நிற்கின்றனவோ, அங்கேதான் மனிதர்களும் நிற்கிறார்கள்.

வண்டியின் புகைக்குழாயைச் சட்டம் கவனித்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ்.-6 விதிகள் நடப்பில் உள்ளன. ஆனால் அவை பிரேக் தூசிக்கு வரம்பு விதிக்கவில்லை. குழாய்ப்புகை குறையக் குறைய, தேய்மானத் தூசியின் பங்கு உயர்ந்துகொண்டே போகும். பிரிட்டனின் வல்லுநர் குழு ஒன்று 2019-இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். அந்நாட்டில் சாலை வண்டிகளால் நேரடியாக உண்டாகும் 10 மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களில் 73 விழுக்காடு, பிரேக், டயர், சாலைப்பரப்பு ஆகியவற்றின் தேய்மானத்தால் வருகிறது என்று அது கணக்கிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் யூரோ-7 என்னும் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. உலகில் முதன்முதலாகப் பிரேக் தூசிக்கு வரம்பு கட்டிய சட்டம் அது. சாதாரணக் கார் ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் வரை தூவலாம். பேட்டரிக் கார் 3 மில்லிகிராம் வரை. புதிய மாதிரிக் கார்களுக்கு 2026 நவம்பர் 29 தொடக்க நாள். 7 மில்லிகிராம் என்றால் சில உப்புக்கற்களின் எடைதானே என்று எண்ணாதீர்கள். 10 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சாலையில் நாளொன்றுக்கு 10,000 கார்கள் போவதாகக் கொள்ளுங்கள். அந்த வரம்புக்கு உட்பட்டே ஓடினாலும் நாளுக்கு 700 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 255 கிலோகிராம்! ஐந்து சிமெண்ட் மூட்டைகளை அவிழ்த்துக் காற்றில் தூவுவதற்கு அது ஒப்பாகும்.

நம் நாட்டிலும் இத்தகைய வரம்பு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரேக் செய்யத் தெரிந்த நம்மவர்களுக்குத் தூசி குறைந்த பிரேக் செய்யவும் தெரியும். சட்டம் கேட்டால் தொழிற்சாலை பதில் சொல்லும். பேடைத் தேய்க்காமலேயே வேகத்தைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. சென்னை மெட்ரோ ரயில் நிலையத்தை நெருங்கும்போது அதன் மோட்டார்களே மின்னாக்கிகளாக மாறி, வேகத்தை மின்சாரமாக்கித் திருப்பித் தருகின்றன. அந்த ரயில்களில் பல கட்டப்பட்டது எங்கே தெரியுமா? கும்மிடிப்பூண்டிக்கு அப்பால், ஆந்திர எல்லையைத் தாண்டியதும் இருக்கும் ஸ்ரீசிட்டியில்! தேநீர் போடப் போதுமான அந்த வெப்பத்தைத் தூசியாக்கி வீணாக்காமல் பிடித்து வைக்கும் வித்தை, நம் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. மின்சாரக் கார்களும் இதையே செய்கின்றன.

நீங்களே பாருங்கள்

நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். சோதித்துப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் அனுமதியோடும் துணையோடும், நின்று நன்றாக ஆறிய ஒரு காரின் முன் அலாய் சக்கரத்தை, வெளிப்புறம் மட்டும், ஈரமான வெள்ளைத் துணியால் துடையுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள். உலர்ந்த தூசியைத் தட்டவோ ஊதவோ கூடாது. டிரம்மைத் திறக்கவே கூடாது. அந்தத் துணியை ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு உள்ள தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். புட்டியை இறுக மூடுங்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைப் புட்டியின் வெளிப்புறத்தில் வைத்து மெல்ல மேலே நகர்த்துங்கள். கறுப்புத் துகள்கள் எறும்புச் சாரை போலக் கண்ணாடியின் உட்புறமாகக் காந்தத்தைத் தொடர்ந்து ஏறிவருவதைக் காண்பீர்கள். அது தேய்ந்துபோன இரும்பு. யாரோ ஒருவர் நின்ற நிறுத்தங்களின் வரலாறு.

பின் சக்கரத்திலும், மற்றொரு வண்டியிலும் செய்து பாருங்கள். நிதானமாக ஓட்டுபவரின் வண்டிக்கும் அவசரமாக ஓட்டுபவரின் வண்டிக்கும் வேறுபாடு உண்டா என்று குறித்து வையுங்கள். ஒரே மாதிரி வண்டிகளை, கழுவி ஒரே எண்ணிக்கை நாள்கள் ஆனவற்றை ஒப்பிட்டால்தான் முடிவு சரியாக இருக்கும்.

என் நண்பர் என்ன செய்தார் என்று சொல்லவில்லையே! முதலில் சிரித்தவர், பிறகு தொலைவிலேயே காலை எடுத்து ஓட்டிப் பழகினார். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு புறப்படுகிறார். வாரந்தோறும் சக்கரத்தைத் தேய்த்தவர் இப்போது மாதம் ஒருமுறை கழுவுகிறார். அதுவும் சாலைச் சாக்கடையில் நீர் ஓடாதபடி ஒரு வாளிக்குள் துணியை அலசிக்கொண்டு. இதை நான் விஞ்ஞானச் சோதனை என்று சொல்ல மாட்டேன். ஒரு மனிதரின் அனுபவம், அவ்வளவுதான். ஆனால், போன முறை அவர் சொன்ன ஒரு சொல் எனக்குப் பிடித்திருந்தது. "முன்பெல்லாம் சக்கரத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். இப்போது சாலையைப் பார்த்து ஓட்டுகிறேன்" என்றார்.

நீங்கள் வண்டி ஓட்ட இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. சைக்கிள் ஓட்டும்போதே அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிடலாமே!